குருதிக் குமிழும் கூர்த்த கரமும்

புத்தளத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருவீதியைப் பாலாவியில் விட்டுத் திரும்பினால், ஒரு புறம் களப்பும் மறுபுறம் கடலுமாக வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தினுள் நுழைகிறோம். உப்பளங்களைக் கடந்ததும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் மணற்றோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் தென்னைகள். தென்னைகளுக்கு அப்பால் வள்ளங்களும் வலைகளும் மீன்வாடிகளும். பள்ளிவாசல்துறை இத்தீபகற்பத்து ஊர்களுள் ஒன்று. தொழுகைக்குரிய பள்ளிவாசலையும் தொழிலுக்குரிய துறையையும் ஒருங்கே தன் பெயரிற் கொண்டு விளங்கும் ஊர் அது.

அவ்வூரிலே ஒரு விடியற்காலையை வாசகர்கள் தங்கள் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கவேண்டும். சுபஹ் தொழுகை முடிந்து, ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவர் ஒருவர் தம் தோழர்களோடு வள்ளத்தைத் தள்ளுகிறார். தோளைக் கொடுத்து மூச்சை அடக்கித் தள்ளும் அந்தக் கணத்தில், கையை விட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு மணலிலே உட்கார்ந்துவிடுகிறார். “காக்கா, தலைக்குள்ள என்னமோ வெடிச்ச மாதிரி இரிக்கி” என்கிறார் பக்கத்தில் நின்றவரிடம். உடனே வாந்தி எடுக்கிறார். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்களை மூடிக்கொள்கிறார்.

கூடியவர்கள் தத்தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றோடு வந்ததால் வந்த மயக்கம் என்பார் ஒருவர். பித்தம் தலைக்கேறிவிட்டது என்பார் மற்றொருவர். கண்ணூறு என்பார் மூன்றாமவர். வீட்டிலே கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறார்கள். நெற்றியிலே சித்தாலேப தடவுகிறார்கள். இரண்டு பனடோல் குளிசைகளும் உள்ளே போகின்றன. பிற்பகலில் வலி சற்றே தணிகிறது. மனிதர் எழுந்து உட்கார்ந்து பிளேன்ரீயும் குடிக்கிறார். வந்த ஆபத்து விலகிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். மறுநாள் இரவு அவர் உறக்கத்திலிருந்து எழவில்லை. மாரடைப்பு என்று ஊர் முடிவு செய்துகொள்கிறது. அடக்கம் நடந்துவிடுகிறது.

இஃது இன்னார் ஒருவரின் கதையன்று. பள்ளிவாசல்துறைக்கு மட்டும் உரிய கதையுமன்று. வைத்தியசாலை தூரத்திலுள்ள எந்தக் கரையோரச் சிற்றூரிலும் நடக்கக்கூடியது. அம்மனிதரின் தலைக்குள்ளே நடந்தது என்ன? அதனை நேரிற் கண்டு சீர்செய்யத் துணிந்தவர்கள் யார்? அவர்களது கலை எத்தகையது? அக்கலை இத்துணை வளர்ந்திருந்தும் அந்த மீனவரை அஃது ஏன் எட்டவில்லை? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூளைக்குச் செல்லும் நான்கு வாய்க்கால்கள்

உடலின் நிறையில் ஐம்பதில் ஒரு பங்கே உடைய மூளை, இருதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத் தனக்கெனப் பெற்றுக்கொள்கிறது. இக்குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகள் நான்கு. இரண்டு கழுத்தின் முன்புறமாகவும், இரண்டு முள்ளந்தண்டின் எலும்புகளினூடே பின்புறமாகவும் ஏறுகின்றன. மண்டையோட்டினுள் புகுந்ததும் இந்நான்கும் மூளையின் அடிப்பாகத்திலே ஒன்றோடொன்று தொடர்புற்று ஒரு வளையம்போல் அமைகின்றன. ஒரு வாய்க்கால் அடைபட்டால் மற்றொன்றின் நீர் அப்பக்கத்து வயலுக்கும் பாயட்டும் என்று கருதி அமைத்ததுபோன்ற ஏற்பாடு இது. இங்கிலாந்து வைத்தியராகிய தோமஸ் வில்லிஸ் என்பார் 1664ஆம் ஆண்டு வெளியிட்ட மூளையியல் நூலில் இவ்வளையத்தின் பயனை விளக்கியமையால், இன்றும் அது வில்லிஸ் வளையம் என்றே வழங்குகிறது. அந்நூலுக்குப் படம் வரைந்து உதவியவர்களுள் ஒருவர், பின்னாளில் லண்டன் சென் போல்ஸ் தேவாலயத்தைக் கட்டிய சிற்பமேதை கிறிஸ்தோபர் ரென்.

இவ்வளையத்தில் நாடிகள் கிளைவிடும் கவர்களே பலவீனமான இடங்கள். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இறப்பர்க் குழாயிலே நைந்துபோன ஓரிடம் நீரின் அழுத்தத்தால் மெல்ல மெல்லப் புடைத்து, ஒருநாள் வெடித்துவிடுவதைக் கற்பிட்டித் தோட்டக்காரர் ஒவ்வொருவரும் கண்டிருப்பர். மூளை நாடியின் கவரிலும் அவ்வாறே ஒரு புடைப்பு உண்டாகிறது. காம்பிலே தொங்கும் சிறு பழத்தைப்போல, ஒடுங்கிய கழுத்தும் உருண்ட உடலுமாக அது வளர்கிறது. மேல்நாட்டு வைத்தியம் இதனை அனியூரிசம் என்று அழைக்கும். நாம் குருதிக் குமிழ் என்போம்.

வளர்ந்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர் இத்தகைய குமிழொன்றைத் தலையிற் சுமந்திருக்கிறார்கள் என்பது உலகின் பல நாடுகளிலே நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிபு. அவர்களுட் பெரும்பாலோர் அதனை அறியாமலே வாழ்ந்து வேறு காரணத்தால் முதுமையில் மறைகின்றனர். சிலருக்கே அது வெடிக்கிறது. புகைப்பழக்கமும், கட்டுப்படுத்தப்படாத இரத்த அமுக்கமும், நெருங்கிய உறவினருட் சிலருக்கு இந்நோய் இருந்தமையும் அந்த ஆபத்தை மிகுவிக்கும். ஆடவரைக் காட்டிலும் பெண்களையே இந்நோய் அதிகமாகத் தாக்குகிறது. வெடித்த குமிழிலிருந்து பீறிடும் குருதி, மூளையைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் அமைந்துள்ள மெல்லிய உறையின் கீழே பரவுகிறது. நம் மீனவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அந்தக் கணத்திலேதான்.

பலருக்கு முதற்கசிவு தானே நின்றுவிடுகிறது. வெடித்த வாயிலே ஒரு சிறு இரத்தக்கட்டி ஒட்டி அடைத்துக்கொள்கிறது. பிற்பகலில் அவர் எழுந்து பிளேன்ரீ குடித்தாரல்லவா? அஃது அந்தக் கட்டியின் தயவு. ஆனால் அஃது உடைந்த வரப்பிலே கைப்பிடி மண்ணை வைத்தது போன்றதே. இரண்டாம் முறை வெடிக்கும் ஆபத்து முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் மிகமிக அதிகம். அந்த இரண்டாம் வெடிப்பிலே பிழைப்போர் சிலரே.

காணாததைக் கண்ட கதை

எலும்புப் பெட்டிக்குள் அடைபட்ட ஒரு நாடியின் புடைப்பை, உயிரோடிருக்கும் மனிதனிடத்தே எவ்வாறு காண்பது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினாவுக்கு விடை இருக்கவில்லை. போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரத்து வைத்தியர் எகாஸ் மோனிஸ், எக்ஸ் கதிர்கள் ஊடுருவாத திரவமொன்றைக் கழுத்து நாடியிலே செலுத்தி, அது மூளைக்குள் ஏறும் வேளையில் படம் எடுக்கும் முறையை 1927ஆம் ஆண்டிலே நிறுவிக் காட்டினார். இலையுதிர்ந்த மரத்தின் கிளைகளைப்போல மூளையின் நாடிகள் முதன்முதலாக மனிதன் கண்ணுக்குத் தெரிந்தன.

கண்டுபிடித்தபின் செய்வது என்ன? ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் நோர்மன் டொட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1931ஆம் ஆண்டில், மீண்டும் மீண்டும் குருதிப் பெருக்கால் வருந்திய சட்டத்தரணி ஒருவரின் தலையைத் திறந்தார். நோயாளியின் தொடையிலிருந்தே எடுத்த தசைத் துண்டால் அக்குமிழைப் போர்த்துப் பலப்படுத்தினார். நோயாளி பிழைத்துப் பல்லாண்டு வாழ்ந்தார். இந்த டொட் என்பவர் இளமையிலே இயந்திரத் தொழில் பயின்றவர். மோட்டார்ச் சைக்கிள் விபத்தொன்றிலே காலில் அடிபட்டு வைத்தியசாலையிற் கிடந்த நாட்களே அவரை வைத்தியத் துறைக்குத் திருப்பின என்பர்.

ஆறாண்டுகள் கழித்து, அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் வோல்ற்றர் டாண்டி மேலும் ஒருபடி சென்றார். 1937ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், குமிழின் ஒடுங்கிய கழுத்தைச் சிறியதொரு வெள்ளிக் கவ்வியால் இறுக்கி மூடினார். நாடியில் குருதி வழக்கம்போல ஓடிற்று. குமிழுக்குள் மட்டும் அது புகவில்லை. மூளையின் குழாய்களைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சை இந்தச் சிறு கவ்வியின் மேலேதான் எழுந்து நிற்கிறது.

சீர்காழியிற் பிறந்த மேதை

இக்கலை தமிழ் மண்ணிற் காலூன்றிய வரலாற்றை அறிவதற்குக் கற்பிட்டிக்கு எதிரே, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் உள்ள தமிழகத்துக்கு நாம் செல்லவேண்டும். ஞானசம்பந்தர் அவதரித்த சீர்காழியிலே 1922ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பிறந்தவர் டாக்டர் பா. இராமமூர்த்தி. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, எடின்பரோவில் சத்திரசிகிச்சைப் பட்டம் பெற்று, பின்னர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலே றோபொதம் என்னும் ஆசானிடம் மூளைச் சத்திரசிகிச்சையை அவர் கற்றார். தலையில் நேரும் காயங்களைப் பற்றி நூலெழுதிப் புகழ்பெற்றவர் அந்த றோபொதம்.

இந்திய நாட்டில் இத்துறையைத் தொடக்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கனடாவின் மொன்றியலில் பெரும் புகழ்பெற்ற பென்பீல்டிடம் பயின்று வந்து, 1949ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே அவர் முதல் வித்தை ஊன்றினார். மறுவருடம் ஒக்டோபர் மாதத்தில் இராமமூர்த்தி சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. 1951ஆம் ஆண்டில் இவ்விருவரும், நரசிம்மன், பல்தேவ் சிங் என்னும் வேறிரு வைத்தியர்களும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையிலே நிறுவினர். நால்வர் கூடித் தொடங்கிய சங்கம் இன்று அந்நாட்டு நரம்பியல் வைத்தியர்களுக்கெல்லாம் தாய்ச்சங்கமாக விளங்குகிறது.

அந்நாளில் மூளையைத் திறப்பவரின் நிலையை இன்றைய வாசகர் எண்ணிப் பார்ப்பது அரிது. தலையின் உட்புறத்தைக் குறுக்குவெட்டாகக் காட்டும் கணனிப் படக்கருவி, அதாவது சீரீ ஸ்கானர், 1971ஆம் ஆண்டிலேதான் லண்டன் மருத்துவமனையொன்றில் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. நுண்காட்டியின் கீழே மூளைச் சத்திரசிகிச்சை செய்யும் முறையும் அறுபதுகளின் பிற்பகுதியிலேதான் பரவியது. 1950ஆம் ஆண்டின் நிபுணருக்கு இருந்தவை கழுத்து நாடியில் ஊசி ஏற்றி எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படமும், நோயாளியின் கண்ணையும் கையையும் காலையும் சோதித்து, இன்ன இடத்திலே பழுது என்று தீர்மானிக்கும் பேரறிவுமே. ஒரு கண்ணின் இமை மட்டும் சரிந்து, கருவிழி விரிந்திருந்தால், அந்நரம்பை அண்டி ஓடும் நாடியிலே குமிழ் இருக்கலாம் என்று அவர் ஊகிப்பார். அந்த ஊகத்தின் மேலேதான் மண்டையோட்டில் எங்கே சாளரம் திறப்பது என்பது நிச்சயமாகும்.

சென்னையில் அவரிடம் வந்தவர்களுட் கணிசமானோர் தலையிலே காசநோய்க் கட்டி உடையவர்கள். மேல்நாட்டுப் பாடநூல்கள் அருகியே பேசிய இந்நோயை இங்கிருந்தே கற்று அவர் உலகுக்கு எழுதினார். பாலசுப்பிரமணியம், கல்யாணராமன் ஆகிய தோழர்களோடு சேர்ந்து, மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியை அளந்து குறிவைக்கும் நுண்சிகிச்சையிலும் சென்னைக்குப் பெயர் தேடித் தந்தார். அந்தக் குழுவிலே பணிபுரிந்த டாக்டர் தி. சு. கனகா, 1968ஆம் ஆண்டில் மூளைச் சத்திரசிகிச்சையிலே பட்டம் பெற்று, ஆசியாவில் இத்துறைக்கு வந்த முதற்பெண்களுள் ஒருவரானார். அரசாங்க சேவையை விட்டபின்னரும் அடையாறு தன்னார்வ மருத்துவ சேவை நிலையத்தில் ஒரு நரம்பியற் பிரிவை வளர்த்தெடுத்து, இறுதிக்காலம் வரையிலும் இராமமூர்த்தி உழைத்தார். தம் வரலாற்றுக்கு அவர் இட்ட ஆங்கிலத் தலைப்பின் பொருள், ‘வழி முழுவதும் ஏற்றமே’ என்பது. 2003ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

கணக்கில் வராதவர்கள்

இராமமூர்த்தியின் எழுத்துக்களுள் நம் கட்டுரைக்கு மிக நெருங்கியது ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியற் சத்திரசிகிச்சைச் சஞ்சிகையிலே, இந்தியாவில் மூளைக் குருதிக் குமிழ்கள் எவ்வளவாகக் காணப்படுகின்றன என்பதைக் குறித்து அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேலைநாட்டு வைத்தியசாலைகளில் இந்நோயாளர் நிறைந்திருக்க, இந்திய வைத்தியசாலைகளிலோ அவர்கள் அரிதாகவே காணப்பட்டனர் என்னும் உண்மையை அது வெளிப்படுத்தியது.

கண்டதைக் கண்டவாறு எழுதிவைப்பது விஞ்ஞானியின் முதற்கடமை. அக்கடமையை அவர் செய்தார். ஆனால் அவர் எழுதிவைத்த அந்த எண்ணே அடுத்து வந்தோர் மனத்தில் ஒரு வினாவை எழுப்பிற்று. நம் மக்களிடம் இந்நோய் உண்மையிலேயே அரிதா? அல்லது நோயாளர் வைத்தியசாலையை வந்து அடைவதே அரிதா? கிராமத்திலே திடீரென்று மடிந்தவனை யார் பெரிய பட்டணத்துக்குக் கொண்டுவந்தார்கள்? அவன் தலையைத் திறந்து பார்த்தவர் யார்? சீரீ ஸ்கானர் கருவிகள் நகரங்களிலே பெருகி, வீதிகள் சீரடைந்த பின்னர், குமிழ் வெடித்து வருவோரின் தொகையும் இந்திய வைத்தியசாலைகளிலே பெருகிற்று. மக்கட்கூட்டங்களிடையே சிற்சில வேறுபாடுகள் இருத்தல்கூடும். எனினும், பழைய கணக்கின் சிறுமைக்கு வழியிலேயே தவறியவர்கள் ஒரு பெருங்காரணம் என்பதை இன்று மறுப்பாரில்லை.

பள்ளிவாசல்துறை மீனவரை இங்கே மீண்டும் நினைத்துக்கொள்வோம். மாரடைப்பு என்று அடக்கம் செய்யப்பட்ட அவர் எந்த ஏட்டிலும் இடம்பெறமாட்டார். வைத்தியசாலை வாசலை அடையுமுன்னரே இந்நோயால் இறப்போர் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் என்று மேலைநாட்டார் கணக்கிட்டிருக்கிறார்கள். அது வாகன வசதி நிறைந்த நாடுகளின் கணக்கு. களப்புக்கும் கடலுக்கும் நடுவே வாழ்வோரின் கணக்கை அவரவர் ஊகித்துக்கொள்ளலாம்.

கத்தியும் கம்பியும்

இனி, நோயாளி உரிய வேளையில் வந்து சேர்ந்துவிட்டார் என்று கொண்டு, நிபுணரின் செயலைக் காண்போம்.

பொதுமக்கள் நினைப்பதுபோல மூளையை வெட்டிக்கொண்டு உள்ளே போவது இக்கலையன்று. மூளைக்கு இயற்கையாகவே மடிப்புக்கள் உண்டு. நெற்றிப்புறத்துக்கும் செவிப்புறத்துக்கும் இடையிலுள்ள பெருமடிப்பை, மெல்லிய சவ்வுகளை ஒவ்வொன்றாக அறுத்து, ஒரு நூலின் ஒட்டிய தாள்களைக் கிழியாமற் பிரிப்பதுபோல நிபுணர் பிரிக்கிறார். அங்கே தேங்கிய நீரை வெளியேற்றியதும் இறுகிக் கிடந்த மூளை தளர்ந்து வழிவிடுகிறது. பின்னர் பெருநாடியைக் கண்டு, அதன் வழியே கிளையை நோக்கி அங்குலம் அங்குலமாகச் செல்லவேண்டும். துருக்கியிற் பிறந்து சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே பணியாற்றிய யாசர்கில் என்னும் பேராசான், அமெரிக்காவிலே நுண்காட்டியின் கீழ் சிறு நாடிகளைத் தைக்கப் பயின்று திரும்பி, 1967ஆம் ஆண்டு முதல் இவ்வழியை உலகுக்குக் கற்பித்தார்.

குமிழைக் கண்டவுடன் கவ்வியை மாட்டிவிடலாகாது. அதன் கழுத்தை அண்டி மயிரிழைபோன்ற நுண்ணாடிகள் ஓடும். அவற்றுள் ஒன்று கவ்வியிற் சிக்கினாலும், உயிர் பிழைத்த நோயாளி பேச்சையோ ஒரு பக்கத்துக் கைகால்களையோ இழந்துவிடக்கூடும். ஆகவே குமிழின் முன்னும் பின்னும் பார்த்து, இன்னது நாடி, இன்னது கழுத்து என்று தெளிந்த பின்னரே கவ்வி செல்லவேண்டும். இடையிலே குமிழ் வெடித்துவிடுவதும் உண்டு. நுண்காட்டியில் தெரிந்த காட்சி முழுவதும் ஒரே செந்நிறமாகிவிடும். அப்போது கலங்காமல் குருதியை உறிஞ்சி, நாடியைத் தற்காலிகக் கவ்வியால் அடைத்து, கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் காரியத்தை முடிக்கும் மனத்திண்மையே ஒரு நிபுணரின் பயிற்சியை அளக்கும் கோல்.

தலையைத் திறவாமலே குமிழை அடைக்கும் வழியும் பின்னர்த் தோன்றிற்று. இத்தாலியரான குக்லியெல்மி, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலீஸ் நகரிலே பணிபுரிந்தபோது, 1990ஆம் ஆண்டில் புதுமுறையொன்றைக் கையாண்டார். தொடை நாடியிலே நுழைத்த மெல்லிய குழாயை மூளை வரைக்கும் செலுத்தி, அதனூடே பிளாற்றினக் கம்பிச் சுருள்களைக் குமிழுக்குள் விட்டு, மெல்லிய மின்னோட்டத்தால் அவற்றைப் பிரித்துவிடும் முறை அது. சுருள்களைச் சுற்றிக் குருதி உறைந்து குமிழ் தூர்ந்துபோகிறது. எது சிறந்தது என்ற வாதம் எழுந்தபோது, குமிழ் வெடித்த 2,143 நோயாளர்களைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருவழிக்கும் ஏற்ற நோயாளரிடையே, ஓராண்டு முடிவில் இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ முடியாதோருமாகக் கவ்வி இட்டவர்களில் நூற்றுக்கு 30.6 பேரும், சுருள் இட்டவர்களில் 23.7 பேரும் இருந்தனர். எனினும் கழுத்து அகன்ற குமிழ்களும், பெரும் இரத்தக்கட்டியை உண்டாக்கிய குமிழ்களும் பல வேளைகளில் இன்றும் கத்தியையே வேண்டி நிற்கின்றன. ஆகவே இக்காலத்து நிபுணர் இருவழியும் அறிந்தவராகவோ, மறுவழி அறிந்தவரை அருகில் உடையவராகவோ இருத்தல் வேண்டும்.

இதனினும் அரிய அறிவு ஒன்றுண்டு. அதுதான் கத்தியை எடுக்காமல் இருக்கும் அறிவு. வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் வெடிக்காத சிறு குமிழொன்று தற்செயலாகத் தெரியவருகிறது. அதன் அளவு, இருப்பிடம், நோயாளியின் வயது, பழக்கங்கள் ஆகிய யாவற்றையும் நிறுத்துப் பார்த்து, “இதனைத் தொடவேண்டாம், புகைப்பதை விட்டுவிடுங்கள், இரத்த அமுக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள், குறித்த காலத்தில் மீண்டும் படம் எடுப்போம்” என்று சொல்வதற்கு, ஆயிரம் குமிழ்களை மூடிய கைக்குரிய அதே துணிவு வேண்டும்.

சிகிச்சை வெற்றியுற்ற பின்னரும் ஆபத்து முற்றாக அகல்வதில்லை. சிந்திய குருதியின் எரிச்சலால் சில நாட்களின் பின் நாடிகள் சுருங்கி, மூளைக்குக் குருதி குன்றக்கூடும். இதனைத் தாங்குவதற்கு நிமோடிபின் என்னும் மருந்து இருபத்தொரு நாட்கள் கொடுக்கப்படுகிறது. அந்நாட்களில் இரவு பகலாக நோயாளியின் கண்ணையும் பேச்சையும் கவனித்து நிற்கும் தாதியரின் பங்கு நிபுணரின் பங்குக்குக் குறைந்ததன்று.

நம் நாட்டு வழி

இலங்கையிலே இத்துறையின் முன்னோடி டாக்டர் ஷெல்டன் கப்ரால். 1956ஆம் ஆண்டில் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவு அவராலே தொடங்கப்பட்டது. அந்த ஆஸ்பத்திரியே இன்று தேசிய வைத்தியசாலை என்று வழங்குகிறது. நம் நாட்டில் ஒருவர் இத்துறையில் நிபுணராக வேண்டுமானால், ஐந்தாண்டு வைத்தியப் படிப்பும், ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் கீழே பல்லாண்டு பயின்று, வெளிநாட்டிலும் பணியாற்றித் திரும்பவேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கிய இளைஞன் குமிழின்மேல் தானே கவ்வியை வைக்கும் நாளுக்கிடையே பதினைந்தாண்டுகளேனும் கழிந்துவிடும்.

இத்துணைக் காலம் செலவிட்டு உருவாகும் கரத்தை ஊருக்கு ஒன்றாக வைத்தல் எந்த நாட்டுக்கும் இயலாது. ஆகவே நோயாளியே அக்கரத்தை நாடிச் செல்லவேண்டும். புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். பள்ளிவாசல்துறையிலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் தூரம் அதனுடன் சேரும். வழியிலே எத்தனை மணி நேரம் கழிகிறது என்பதைவிட, புறப்படுவதற்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதே பெரும்பாலும் உயிரைத் தீர்மானிக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2016ஆம் ஆண்டில் தொடங்கி, இப்போது நாடு முழுவதும் நடைபெறுகிறது. வண்டி இருக்கிறது. அதனை அழைக்கவேண்டும் என்று தோன்றவேண்டுமே!

கரையிலே தொடங்கும் வைத்தியம்

தலைவலி வந்தவர்க்கெல்லாம் குமிழ் வெடித்துவிட்டது என்று அஞ்சவேண்டியதில்லை. தலைவலிகளுட் பெரும்பாலானவை தாமே வந்து தாமே போவன. ஆனால் ஒரு கணத்திலே இடிபோல் வந்து, சில நொடிகளுள் உச்சத்தை அடைந்து, வாழ்நாளிலே இதுவரை கண்டிராத வலி என்று நோயாளியே சொல்லும் தலைவலி வேறுவகையானது. அதனோடு வாந்தி, பிடரி விறைப்பு, வெளிச்சம் பொறாமை, மயக்கம், ஒருகண் இமை சரிதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் சேர்ந்தால், வலி தணிந்துவிட்டாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அத்தகையவருக்கு அஸ்பிரின் குளிசை கொடுத்தலாகாது. அது குருதி உறைவதைத் தடுத்து, கசிவை மிகுவிக்கக்கூடும். கொத்தமல்லி நீரிலும் நெற்றித் தைலத்திலும் குற்றமில்லை. ஓதிப் பார்ப்பதிலும் குற்றமில்லை. அவற்றுக்காகப் பயணத்தை நிறுத்திவைப்பதே குற்றம்.

இந்த அறிவு எடின்பரோவிலும் சூரிச்சிலும் கற்கவேண்டியதன்று. துறையிலே வள்ளம் தள்ளுவோரும், வாடியிலே கருவாடு காயவைக்கும் பெண்களும், பாடசாலை ஆசிரியரும், ஜும்ஆவிலே நான்கு வார்த்தை சொல்லக்கூடிய பெரியவரும் இதனை அறிந்திருந்தால் போதும். இராமமூர்த்தியின் ஏட்டிலே குறைந்திருந்த எண்ணுக்கு உரியவர்கள் இத்தகைய ஊர்களிலேதான் இருந்தார்கள். அவர்களை ஏட்டில் ஏற்றுவதும், ஏட்டோடு நிற்காமல் வீட்டுக்குத் திரும்பிவரச் செய்வதும் வைத்தியர் ஒருவரால் மட்டும் ஆகும் காரியமன்று.

இத்தகைய நோயாளி வந்தவுடன் வைத்தியர் முதலிற் கேட்கும் கேள்விகளுள் ஒன்று மிக எளியது: “வலி எத்தனை மணிக்குத் தொடங்கிற்று?” முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சீரீ ஸ்கானில் கசிந்த குருதி ஏறக்குறையத் தவறாமற் புலப்படும், நேரம் போகப்போக அது மங்கி மறையும், பின்னர் முதுகிலே ஊசி ஏற்றி நீர் எடுத்துச் சோதிக்கவேண்டி வரும். ஆகவே சிகிச்சையின் வழி முழுவதும் அந்த ஒரு விடையைப் பற்றிக்கொண்டே செல்கிறது. நோயாளி மயங்கிக் கிடப்பார். அவரால் சொல்ல இயலாது. பக்கத்தில் நின்று வள்ளம் தள்ளியவர்தான் சொல்லவேண்டும்: “சுபஹ் தொழுதுட்டு வந்து வள்ளத்தத் தள்ளக்குள்ள, டொக்டர். அஞ்சே முக்கால் இரிக்கும்.”